வாய்ப்புற்றும் மூன்று பொய்த் தீர்ப்புகளும்

உழைத்துண்ணும் ஒருவனின் கன்னம் வீங்கி, ஆறாத புண்ணொன்று வாயில் தோன்றிவிட்டால், வைத்தியர் அதனைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று நீதிமன்றங்கள் அவன் வீட்டு வாசலிற் கூடிவிடுகின்றன. ஒன்று, "அன்றைக்கு அடிபட்டதல்லவா, அதுதான் புற்றாக மாறிவிட்டது" என்கிறது. மற்றொன்று, "வெற்றிலை சப்பியவனுக்கு வேறென்ன வரும்?" என்கிறது. மூன்றாவது, "எல்லாம் செய்த வினை" என்று கூறிக் கையை விரிக்கிறது. இம்மூன்று தீர்ப்புகளும் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றினும், அவற்றின் விளைவு ஒன்றே. நோயாளி காலங்கடந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறான். அவனுக்கு உரியது எதனையும் எவரும் கொடுக்க வேண்டியதில்லை என்றாகிறது.

இத்தீர்ப்புகளுள் இரண்டாவதையும் மூன்றாவதையும் முற்போக்காளர் பலர் கண்டித்துள்ளனர். முதலாவதைக் கண்டித்தவர் அரியர். மாறாக, நம் நண்பர்களுட் சிலரே அதனைத் தொழிலாளியின் நியாயமாக ஏற்றுப் பேசுகின்றனர். அந்த நண்பர்களோடுதான் இக்கட்டுரை வழக்காட விரும்புகிறது.

கொட்டாஞ்சேனையில் இவ்வழக்கு ஏன் எழுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு புறம் துறைமுகம், மறுபுறம் புறக்கோட்டை. இவ்விரண்டிற்கும் இடையில், ஜம்பட்டா வீதியிலிருந்து ஒழுங்கைகள் தோறும் வாழும் குடும்பங்களிற் பல, மூட்டை தூக்கியும் வண்டி தள்ளியும் பண்டகசாலைகளிற் பெட்டி அடுக்கியும் பிழைப்பவை. 'நாட்டாமை' என்று கொழும்பு நகரம் பெயரிட்டழைக்கும் அந்தச் சுமைதொழிலாளியின் உடலில் அடிபடாத இடம் எது? கொக்கி தட்டுகிறது, சங்கிலி தெறிக்கிறது, பலகை சரிகிறது. ஆகவே எந்த நோய் வந்தாலும், அதற்கு முன் நிகழ்ந்த அடியொன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது இங்கு எளிது. தேடினால் கிடைக்கும், கிடைப்பதாலேயே அது காரணமாகிவிடுமா என்பதே கேள்வி.

என் வகுப்பில் படித்த மாணவன் ஒருவனின் தந்தைக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்வோம். பெயர்கள் வேண்டியதில்லை. பண்டகசாலையொன்றிற் பெட்டி இறக்கும்போது சங்கிலி தெறித்து இடது கன்னத்தில் அடித்தது. இரண்டு கிழமைக்குப் பின் அவ்விடத்தில் வீக்கம் தெரிந்தது. மருந்துக் கடையில் வாங்கிய வலிக் குளிசைகளுடன் ஒரு மாதம் சென்றது. பின்னர் கொடுப்புப் பல் ஆட்டங்கண்டது, பிடுங்கினார்கள், பிடுங்கிய குழி ஆறவில்லை. கீழுதடும் நாடியும் மரத்துப்போயின. இழையத்திற் சிறு துண்டு வெட்டிப் பரிசோதிக்க வேண்டும் என்று பல் வைத்தியர் சொன்னபோது, குடும்பம் மறுத்தது. "ஏற்கனவே அடிபட்ட இடம், இனிக் கத்தியும் பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும்" என்றனர். நான்கு மாதங்களின் பின்னரே பரிசோதனை நடந்தது. வந்த விடை, லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய். தொழில் கொடுத்தவரோ, "வெற்றிலையால் வந்த நோய்க்கு நான் பொறுப்பல்லேன்" என்றார். மாணவன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு தவணை இருக்கையில் பள்ளிக்கூடத்தை விட்டுப் புறக்கோட்டைக் கடையொன்றிற் சேர்ந்தான்.

இக்கதையில் அடியும் உண்மை, வீக்கமும் உண்மை, புற்றும் உண்மை. அவற்றை இணைத்த 'ஆதலால்' என்னும் சொல் மட்டுமே பொய். அச்சொல் எவ்வளவு விலை கேட்டது என்பதைப் பார்க்குமுன், நோயைப் பற்றிச் சிறிது தெளிதல் வேண்டும்.

வாய்ப்புற்று என்று நாம் ஒரே பெயரால் வழங்குவது ஒரே நோயன்று. வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மேலணி இழையத்தின் கலங்கள் கட்டுமீறிப் பெருகுவது ஒரு வகை. நம் நாட்டில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று வாய்ப்புற்றே. அதிற் பெரும்பகுதி இவ்வகையினதே. லிம்போமா என்பது வேறு. உடலின் காவற்படையாகிய வெண்குருதிக் கலங்களுள் ஓரினமான நிணநீர்க் கலங்களில் அது பிறப்பது. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களிலுள்ள நிணநீர்க் கணுக்களிலேயே அது பெரும்பாலும் தலைகாட்டும். சில வேளைகளில் உண்ணாக்கின் இருமருங்கும், அண்ணத்திலும், முரசிலும், தாடை எலும்பிலும் தோன்றும். வாயில் தோன்றும் புற்றுகளுட் சிறுபான்மையே லிம்போமா. ஆயினும் அது தனித்து ஆராயப்பட வேண்டியது. ஏனெனில் அதன் காரணம் வேறு, சிகிச்சை வேறு, பிழைக்கும் வாய்ப்பும் வேறு.

தாடையில் வளரும் லிம்போமாவின் வஞ்சகம் யாதெனின், அது பல்நோயின் வேடத்தில் வருவது. வீக்கம், பல்லாட்டம், மந்தமான வலி, நாடி மரத்தல் ஆகிய இவற்றைக் கண்டோர் பற்குழி என்றும் சீழ் என்றும் எண்ணுவது இயல்பு. பல்லைப் பிடுங்கிய பின் குழியினூடாகத் தசை வளர்ந்து வெளிவந்தால், "பல்லைப் பிடுங்கினார்கள், புற்று வந்தது" என்று ஊர் சொல்லும். உண்மை தலைகீழானது: புற்று வளர்ந்தது, அதனாற் பல் ஆடியது, ஆடியதாற் பிடுங்கப்பட்டது. விளைவைக் காரணமென்றும் காரணத்தை விளைவென்றும் மாற்றி வாசிக்கும் இப்பிழையே அடிபட்ட கதையிலும் நிகழ்கிறது. நோயாற் பலவீனப்பட்ட இடத்தில் சிறு அடியும் பெரிதாய் வலிக்கும். அடிபட்டதால் அவ்விடத்தைத் தடவிப் பார்க்கிறோம். தடவிப் பார்ப்பதால் முன்பே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. அடி கட்டியை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது.

எளிய கணக்கொன்றும் இதனை உறுதிப்படுத்தும். ஒரு கன சதமமீற்றர் அளவுள்ள கட்டியில் ஏறத்தாழ நூறு கோடிக் கலங்கள் இருக்கும் என்பது வைத்தியர் வழங்கும் கணக்கு. ஒரு கலம் இரண்டாகி, இரண்டு நான்காகி, நூறு கோடியை எட்ட முப்பது தடவை இரட்டிக்க வேண்டும். மனிதருக்கு வரும் கட்டிகளுள் மிக விரைந்து வளர்வனவற்றுள் ஒன்றாகிய பேர்க்கிற் லிம்போமாவும் ஒரு தடவை இரட்டிப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு நாள் எடுக்கிறது. ஏனையவை வாரக்கணக்கில் எடுப்பன. அப்படியானால், சங்கிலி அடித்து இரண்டு கிழமையிற் கண்ணுக்குத் தெரிந்த கட்டி, சங்கிலி அடிப்பதற்கு முன்பே குடியிருந்த கட்டியாகத்தான் இருக்க முடியும். ஒன்பதாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய பெருக்கற் கணக்கு இது.

அடியாற் புற்று வரும் என்ற கொள்கை பாமரரின் கற்பனையிற் பிறந்ததன்று என்பதையும் நேர்மையாகக் கூற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாபெரும் நோயியலறிஞரும், ஏழைகளின் நோய்க்கு வறுமையைக் குற்றஞ்சாட்டிய சனநாயகவாதியுமான ஜெர்மானியர் ருடொல்ஃப் விர்கோ, நீண்டகால உறுத்தல் கட்டிகளுக்குக் காரணமாகலாம் என்று கருதினார். 1775இல் இலண்டனின் பேர்சிவல் பொற், புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் வந்த புற்றுக்குக் கரிப்புகையின் படிவே காரணம் என்று காட்டினார். 1915இல் யப்பானிய அறிஞர் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்காகத் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். ஆனால் இவை எவையும் ஒரே ஓர் அடியைப் பற்றியனவல்ல. இவை பேசுவது நாட்பட்ட தாக்கத்தையும், குறிப்பிட்ட பொருள்களையும் பற்றியே.

தொழிலிழப்பீட்டு வழக்குகள் பெருகிய காலத்தில், அமெரிக்க நோயியலறிஞர் ஜேம்ஸ் யூவிங் 1926இலும் 1935இலும் இவ்வினாவை ஆராய்ந்து சில நிபந்தனைகளை வகுத்தார். அடி உண்மையாக நிகழ்ந்து, போதிய கடுமையுடையதாய் இருத்தல் வேண்டும். அடிபட்ட பகுதி முன்னர் நோயற்றதாய் இருந்திருத்தல் வேண்டும். கட்டி அதே இடத்தில் எழுதல் வேண்டும். கட்டியின் இனம் அவ்விடத்து இழையத்துக்குப் பொருந்துதல் வேண்டும். அடிக்கும் நோய்க்கும் இடைப்பட்ட காலம் ஏற்புடையதாதல் வேண்டும். இந்தச் சல்லடையில் இடப்பட்ட கதைகளிற் பெரும்பாலானவை கீழே விழுந்துவிட்டன.

இங்கு ஒரு நண்பர் குறுக்கிடலாம்: "அப்படியாயின் உடற்காயத்துக்கும் லிம்போமாவுக்கும் எத்தொடர்புமே இல்லையா?" நல்ல கேள்வி, 'இல்லை' என்று ஒரே சொல்லில் முடிப்பது விஞ்ஞானமாகாது. நாட்பட்ட அழற்சிக்கும் லிம்போமாவுக்கும் தொடர்பு உண்டு. அது நன்கு நிறுவப்பட்டது. இரைப்பையில் வாழும் எலிகோபக்ரர் என்னும் பக்ரீரியா ஆண்டுக்கணக்காக மூட்டும் அழற்சியில் ஒருவகை லிம்போமா பிறக்கிறது. அக்கிருமியை அழித்தால் அப்புற்றும் பலரிற் சுருங்கிவிடுகிறது என்பது 1993இல் வெளிவந்தது. காசநோய்க்காக நெஞ்சறையிற் காற்றேற்றி நுரையீரலைச் சுருக்கிவைக்கும் பழைய சிகிச்சையைப் பெற்ற யப்பானிய நோயாளர் சிலருக்கு, பல தசாப்தங்களின் பின் நெஞ்சறைச் சவ்வில் லிம்போமா தோன்றியது. மார்பிற் பதிக்கும் சிலிக்கன் உறைகளைச் சூழ்ந்து அரிதாகத் தோன்றும் லிம்போமா பற்றி 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. உமிழ்நீர்ச் சுரப்பிகளை உடலின் காவற்கலங்களே தாக்கும் நோயொன்றில், அச்சுரப்பிகளில் லிம்போமா தோன்றும் அபாயம் மிகுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றிய எச்.ஐ.வி. நோயாளரிடமும், உறுப்பு மாற்றம் பெற்றோரிடமும் அது கூடுதலாகக் காணப்படுகிறது.

இவை அனைத்திலும் பொதுவானது என்ன? காவற்கலங்களை ஓயாது தூண்டும், அல்லது காவலையே தளர்த்தும், நீண்ட காலத் தாக்கம். ஒரு நாள் விழுந்த அடி சில வாரங்களில் ஆறிவிடும். ஆண்டுக்கணக்கான அழற்சி ஆறாது. இவ்விரண்டையும் 'காயம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பது மொழியின் குற்றமே தவிர இயற்கையின் விதியன்று.

தாடை லிம்போமாவின் காரணத்தைத் தேடிய வரலாறு நமக்கு ஒரு பாடத்தைத் தருகிறது. உகண்டாவின் கம்பாலா நகரிற் சத்திரசிகிச்சை வைத்தியராயிருந்த தெனிஸ் பேர்க்கிற், தாடைகள் வீங்கிய ஆபிரிக்கக் குழந்தைகளைக் கண்டு 1958இல் எழுதினார். குழந்தை விழுந்திருக்கும், அடிபட்டிருக்கும் என்று அவர் கதையை முடிக்கவில்லை. இந்நோய் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று வண்டியேறி ஊர் ஊராகச் சென்று வரைபடம் வரைந்தார். வெப்பமும் மழையும் மிகுந்த, மலேரியா நிலைத்த நிலப்பகுதிகளிலேயே அது செறிந்திருப்பதைக் கண்டார். 1964இல் எப்ஸ்ரீன், அச்சொங், பார் ஆகிய மூவரும் அக்கட்டியின் கலங்களில் வைரசொன்றைக் கண்டனர். மனிதப் புற்றோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரசு அதுவே. குழந்தைப் பருவத்தில் அவ்வைரசும் மீண்டும் மீண்டும் மலேரியாவும் தாக்கும் வறிய நிலத்தில் இந்நோய் வேரூன்றுகிறது என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை. அடியைத் தேடியிருந்தால் அறிவு அங்கேயே நின்றிருக்கும். நிலத்தைத் தேடியதால் வறுமையும் கொசுவும் வைரசும் அகப்பட்டன. தனி மனிதனுக்கு நேர்ந்த விபத்தை விட்டுச் சமூகம் வாழும் சூழலை நோக்கித் திரும்பிய பார்வை அது. அதனைவிட முற்போக்கான பார்வை வேறுண்டோ?

இனி இரண்டாவது தீர்ப்பாகிய வெற்றிலைக்கு வருவோம். வெற்றிலைத் தாம்பூலம் வாய்ப்புற்றின் பெரும் காரணங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. திருவிதாங்கூரின் நெய்யூரிற் பணியாற்றிய வைத்தியர் ஓர், 1933இலேயே வெற்றிலை மெல்வோரிடையே வாய்ப்புற்று மிகுந்திருப்பதை 'லான்செற்' இதழில் எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்ந்த வெற்றிலையை 1985இலும், புகையிலை சேராத வெற்றிலையையும் பாக்கையும் 2004இல் வெளியிட்ட தொகுதியிலும் மனிதருக்குப் புற்றை விளைப்பவை என்று உறுதிசெய்தது. 'புகையிலை போடாவிட்டால் ஆபத்தில்லை' என்போர் பாக்கே நஞ்சு என்பதை அறிதல் வேண்டும். சடங்கிலும் சபையிலும் வெற்றிலைக்கு நாம் கொடுத்திருக்கும் மரியாதை அந்த நஞ்சை முறிக்காது.

ஆனால் வெற்றிலை விளைப்பது மேலணிக் கலங்களின் புற்று. நிணநீர்க் கலங்களின் புற்றன்று. லிம்போமா நோயாளியின் சிவந்த உதட்டைக் காட்டி, "நீயே தேடிக்கொண்டாய்" என்பவர் ஒழுக்கம் பேசலாம், உண்மை பேசவில்லை. மேலணிப் புற்று வந்தவனிடமும் அப்படிப் பேச அவருக்கு உரிமையில்லை. விடியற்காலம் இரண்டு மணிக்கு மரக்கறி லொறி இறக்குபவன் ஏன் வெற்றிலை போடுகிறான்? பாக்கு தூக்கத்தை விரட்டுகிறது, பசியை மழுக்குகிறது, தேநீரை விட மலிவாக நெடுநேரம் வாயில் நிற்கிறது. மலையகத்துக் கொழுந்துக் கூடையின் அடியிலும் அதே வெற்றிலைப் பை தொங்குவதற்கு அதே காரணந்தான். அவன் உழைப்பை நீட்டி வாங்கியவர், அந்த நீட்சிக்கு உதவிய வெற்றிலையைக் காட்டிப் பின்னர் கைகழுவுவது என்ன நியாயம்? 2016இல் மெல்லும் புகையிலைப் பண்டங்களை நம் நாட்டிற் சட்டம் தடைசெய்தது, வரவேற்கத்தக்கதே. ஆனால் இரவுத்தொழிலாளிக்கு ஓய்வையும் உணவையும் கொடுக்காத தடை, பாதித் தடையே.

மூன்றாவது தீர்ப்பாகிய வினையைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. உகண்டாக் குழந்தை எப்பிறப்பில் என்ன வினை செய்து மலேரியா நிலத்திற் பிறந்தது என்று கேட்டால் போதும். நோயின் முதலை நாடிய பின்னரே மருந்தை நாட வேண்டும் என்னும் முறைமையைத் தமிழ் மரபு அறியும். வினை என்பவர் அம்மரபின் வாரிசுகள் அல்லர்.

அடிக் கொள்கை மற்ற இரண்டையும் விடப் பரிவுடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது நோயாளியைப் பழிக்கவில்லை. விண்ணிலன்றி மண்ணிலே காரணம் தேடுகிறது. இருந்தும் அது உயிர்களைக் குடிக்கிறது. எப்படி? காயத்தாற் புற்று பிறக்கும் என்று நம்புபவன், வைத்தியரின் கத்தியையும் காயமென்றே காண்கிறான். "வெட்டினால் பரவும்" என்ற அச்சம் அந்நம்பிக்கையின் பிள்ளையே. லிம்போமாவை உறுதிப்படுத்த இழையத்துண்டு வேண்டும். நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்க்காமல் அது எவ்வினம் என்று அறிய வழியில்லை. இனம் அறியாமற் சிகிச்சையில்லை. சிகிச்சையோ வீணானதன்று: வாய்ப்புற்றென்றால் மரணமென்று நாம் அஞ்சும் நாட்டில், லிம்போமா நோயாளரிற் பலர் இரசாயனச் சிகிச்சையால் முற்றாகக் குணமடையக்கூடியவர்கள். ரிட்டுக்ஸிமாப் என்னும் மருந்து 1997இலிருந்து வழக்கிற்கு வந்து அவ்வாய்ப்பை மேலும் பெருக்கியது. குணமாகக்கூடிய நோயாளியை நான்கு மாதம் வீட்டில் வைத்திருப்பதற்குப் பரிவென்று பெயரிட முடியாது.

தாமதம் கதையிலன்றிக் கணக்கிலும் தெரிகிறது. சமன் வர்ணகுலசூரியவும் அவர்தம் குழுவினரும் 1984இல் வெளியிட்ட இலங்கை ஆய்வொன்று உலகப் புகழ்பெற்றது. கிராமிய சுகாதார ஊழியருக்குப் பயிற்சி கொடுத்து, ஓராண்டில் 28,000க்கும் மேற்பட்டோரின் வாயைச் சோதிக்கச் செய்தனர். ஏறத்தாழ 1,200 பேரிடம் ஐயத்துக்குரிய மாற்றங்கள் காணப்பட்டு, மேற்பரிசோதனைக்கு வருமாறு கூறப்பட்டது. வந்தவர்கள் பாதியளவினரே. சாதாரண ஊழியர் கண்டுபிடிக்கக்கூடியதை நோயாளி வந்து உறுதிசெய்ய முடியவில்லை என்பதே அதன் பொருள். கேரளத்தின் திருவனந்தபுரத்தில் நடந்து 2005இல் வெளியான பேராய்வு, புகையிலையும் மதுவும் பாவிப்போரிடையே வாயைக் கண்ணாற் பார்த்துச் சோதித்ததாலேயே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது என்று காட்டியது. விலையுயர்ந்த யந்திரம் எதுவும் அங்கு வேண்டப்படவில்லை. வெளிச்சமும், கண்ணும், காலத்தே வருதலுமே வேண்டப்பட்டன.

தொழிற்சங்க நண்பர்களின் வாதத்துக்கு இப்போது வருவோம். அவர்கள் கூறுவது இது: "உமது விஞ்ஞானம் சரியாயிருக்கலாம். ஆனால் சட்டம் விபத்துக்குத்தான் இழப்பீடு கொடுக்கிறது. அடியால் வந்தது என்று சொன்னால் குடும்பத்துக்குச் சில மாதச் சோறாவது கிடைக்கும். அதனை ஏன் கெடுக்கிறீர்?"

இவ்வாதத்தின் பின்னுள்ள பசியை நான் மதிக்கிறேன். வாதத்தை ஏற்க இயலாது. முதலாவது, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் தொழிலிடத்து விபத்துக்கும், அட்டவணையிற் குறித்த தொழில் நோய்களுக்கும் உரியது. ஓரடியால் லிம்போமா வந்ததென்று சாதிக்கச் சென்றால், எதிர்த்தரப்பு வைத்திய நிபுணர் ஒருவர் எழுந்து யூவிங்கின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்தாற் போதும்; வழக்கு விழும். விழும்போது, உண்மையான அடிக்கு, உண்மையாக உடைந்த பல்லுக்கு, உண்மையாக இழந்த நாட்கூலிக்குக் கேட்டிருக்க வேண்டிய நியாயமும் சேர்ந்து விழும். பொய்த்தூணில் மெய்க்கூரையைச் சாத்துவது மதியன்று.

இரண்டாவது, இது இன்னும் முக்கியமானது: 'அடியால் வந்தது' என்று நாம் வாதிடும் கணத்திலேயே, முதலாளியின் அடிப்படை விதியை ஒத்துக்கொண்டுவிடுகிறோம். அடியால் வந்தாற்றான் நோயாளிக்குச் சோறு. இன்றேல் இல்லை என்பதே அவ்விதி. காரணமே தெரியாது லிம்போமா வந்த பக்கத்து வீட்டுத் தையற்காரியின் கதி என்ன? அவளுக்கு அடி ஏதும் இல்லை, வெற்றிலையும் இல்லை. லிம்போமா நோயாளருட் பெரும்பாலோர்க்கு இன்ன காரணமென்று சுட்ட முடிவதில்லை. காரணம் காட்ட முடியாதவர்களுக்கெல்லாம் பட்டினிதான் என்பது எந்த அறத்திற் சேர்ந்தது?

நமது கோரிக்கை வேறாதல் வேண்டும். நோயுற்றவன் ஏன் நோயுற்றான் என்று நிறுவ வேண்டிய கடமை அவனுக்கில்லை. நோயுற்றிருக்கிறான் என்பதே போதும். 1952இல் சர்வதேசத் தொழில் தாபனம் ஏற்ற 102ஆம் இலக்கச் சமவாயம், சமூகப் பாதுகாப்பின் கிளைகளை வரிசைப்படுத்துகையில், முதலில் வைத்திய பராமரிப்பையும் அடுத்துச் சுகவீனக் காலக் கொடுப்பனவையும் வைத்தது. தொழில்விபத்து அதற்குப் பின்னரே வருகிறது. இலவச வைத்தியத்தைப் பெருமையாகப் பேசும் நம் நாட்டில், ஆஸ்பத்திரிக் கட்டில் இலவசம். ஆனால் அக்கட்டிலிற் படுத்திருக்கும் நாட்கூலியின் வீட்டு அடுப்புக்கு விறகில்லை. மகரகமைக்குச் சிகிச்சைக்காகச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்சம்பளம் போகிறது. துணைக்குச் செல்லும் மனைவிக்கும் போகிறது. ஆய்வில் வராமற்போன பாதிப்பேரை அறியாமையே தடுத்தது என்று எண்ணுவோர், பஸ் கட்டணத்தையும் இழந்த கூலியையும் ஒரு தடவை கூட்டிப் பார்ப்பாராக.

ஆகவே தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டியவை: நாட்கூலிக்கும் சுகவீனக் காலக் கொடுப்பனவு, பரிசோதனைக்குச் செல்லும் நாளுக்குச் சம்பளம், துறைமுகத்தையும் புறக்கோட்டையையும் தேடிவரும் வாய்ச்சோதனை, நோயின் பெயரையும் சிகிச்சையின் ஒழுங்கையும் நோயாளியின் தாய்மொழியிலே விளக்குதல். தமிழும் அரசகரும மொழியென்று 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அது மருந்துத் துண்டு வரை வந்துசேர வேண்டும். மருந்தின் தரத்தையும் கேட்க வேண்டும். 2022இன் நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டை நாடு கண்டது. 2023இல் வெடித்த தரமற்ற மருந்து விவகாரத்தில், இம்யூனோகுளோபியூலினுடன் ரிட்டுக்ஸிமாப்பின் பெயரும் அடிபட்டது. முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியிற் கைதானார். வழக்கை நீதிமன்றம் தீர்க்கட்டும். ஆனால் லிம்போமா நோயாளியின் நரம்பில் ஏற்றப்படும் குப்பியில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை தொழிற்சங்கத்துக்கு உண்டு. சங்கிலியின் அடியைக் கணக்கெடுப்பவர்கள் அந்த அடியையும் கணக்கெடுக்க வேண்டாமா?

ஆசிரியர்களாகிய நமக்கும் மாணவர்களுக்கும் இதில் வேலையுண்டு. 'அதன் பின் வந்தது' என்பதும் 'அதனால் வந்தது' என்பதும் ஒன்றல்ல. இதனைத் தருக்கப் பாடத்தில் மட்டும் கற்பித்துவிட்டு, வீட்டில் நோய் வந்தபோது மறந்துவிடும் கல்வி யாருக்காக? மூன்று கிழமைக்குள் ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத வீக்கம், கழுத்தில் நோவின்றித் திரண்ட கட்டி, வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, பல் பிடுங்கி ஆறாத குழி, மரத்துப்போன நாடி ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வார்ட் பிளேஸிலுள்ள தேசிய பல் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள அரசாங்கப் பல் வைத்தியரிடமோ உடனே போக வேண்டும் என்று ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிற் சொல்லலாம். இழையப் பரிசோதனையின் கத்தியாற் புற்று பரவிவிடாது என்பதையும், அது தாமதமானாலே புற்று பரவும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

தொழிலாளிக்கு ஆதரவான பொய் என்று ஒன்று இல்லை. இன்று அவனுக்குச் சாதகமாய்த் தோன்றும் பொய், நாளை அவனுக்கெதிரான நிபுணரின் கையில் ஆயுதமாகும். அதற்கு முன்னரே அவனது சிகிச்சையைப் பிந்தச் செய்து உடலைத் தின்றுவிடும். காரணத்தை விஞ்ஞானத்திடம் கேட்போம்; சோற்றையும் மருந்தையும் சமூகத்திடம் கேட்போம். முதலாவது கேள்விக்கு விடை கிடைக்கும்வரை இரண்டாவதை ஒத்திவைக்க நாம் இணங்கமாட்டோம்.